ஃப்ரீசெல் 1-ஆம் ஆட்டம்: மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்

#1 கட்டம்போட்ட சட்டை

எல்லோருக்கும் வணக்கம். மாமா வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் இறங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி. நெட் இல்லை, அதனால் இருக்கிற சீட்டாட்டம்தான் பொழுதுபோக்கு. பழைய சாலிட்டேரும் ஸ்பைடரும் ஆடிப் பழகிய கை என்பதால் ஃப்ரீசெல்லைத் திறந்தேன். ஆட்ட எண் கேட்டது. முதல் ஆட்டம் சுலபமாகத்தான் இருக்கும் என்று நினைத்து 1 என்று அடித்தேன்.

மூன்று நாள் ஆகிறது. இருபது முப்பது நகர்த்தல் போகும், நாலு செல்லும் நிரம்பும், அவ்வளவுதான். மேலே நடுவில் ஒரு ராஜா தலை இருக்கிறதே, அது வேறு நான் மவுஸை எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கிறது. கேலி செய்கிற மாதிரி.

எல்லாச் சீட்டும் முகம் தெரியத்தான் கிடக்கிறது. அப்படியிருந்தும் முடியவில்லை என்றால் தப்பு என்னிடமா, சீட்டிலா?

#2 வெட்டிச்சீட்டு

சீட்டுலதான். சில ஆட்டம் வரவே வராது. எஃப்2 அமுக்கி அடுத்ததுக்குப் போங்க. சீட்டாட்டத்துல அதிர்ஷ்டம் இல்லாம என்ன இருக்கு?

#3 ஸ்பெஷல் சாதா

வெட்டிச்சீட்டு, மற்ற சாலிட்டேருக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே பாதிச் சீட்டு கவிழ்ந்து கிடக்கும். ஃப்ரீசெல்லுக்கு அது பொருந்தாது.

விண்டோஸில் முதலில் வந்த ஃப்ரீசெல்லில் 32,000 ஆட்டங்கள். 1994-95இல் டேவ் ரிங் என்பவர் இணையத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களைச் சேர்த்து, ஆளுக்குக் கொஞ்சம் எண்களைப் பிரித்துக்கொடுத்து எல்லாவற்றையும் ஆடிப் பார்க்க வைத்தார். யாராலும் முடிக்க முடியாமல் கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று: 11982. பிறகு கம்ப்யூட்டர் நிரல்களை ஏவி எல்லா வழியும் தேடிப் பார்த்தார்கள். அதற்கு உண்மையிலேயே தீர்வு இல்லை. எக்ஸ்பியில் எண்ணிக்கையைப் பத்து லட்சமாக்கினார்கள். அதில் முடியாதவை மொத்தம் எட்டு.

ஆகவே 1-ஆம் ஆட்டம் முடியும். எங்கே நிற்கிறது என்று சீட்டு வாரியாக எழுதுங்கள், பார்ப்போம்.

#4 இட்லிக்கடை வாசல்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு இந்த ஆட்டமே தெரியாது. போனில் இறக்கிவிட்டு முழித்துக்கொண்டிருக்கிறேன். யாராவது முதலிலிருந்து சொல்லுவீர்களா?

#5 ரிட்டயர்டு தபால்

நான் சொல்கிறேன். நான் கம்ப்யூட்டரில் ஆடுவதில்லை, சாப்பாட்டு மேஜையில் நிஜச் சீட்டை வைத்து ஆடுகிறவன். கையால் பரப்பிப் பார்த்தால் விதி தானாகப் புரியும்.

ஒரு கட்டு. ஜோக்கரை எடுத்துவிடுங்கள். 52 சீட்டையும் முகம் மேலே தெரியும்படி இடமிருந்து வலமாக எட்டு வரிசையாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். முதல் நாலு வரிசைக்கு ஏழு ஏழு சீட்டு, பின் நாலுக்கு ஆறு ஆறு விழும். கீழ்நுனியில் மறைக்கப்படாமல் இருக்கிற சீட்டுத்தான் நகரும். மேலே இடப்பக்கம் நாலு இடம் காலியாக விடுங்கள், அது செல். எந்தச் சீட்டையும் அங்கே வைக்கலாம், ஆனால் ஒரு செல்லில் ஒரு சீட்டுத்தான். வலப்பக்கம் நாலு இடம், அங்கேதான் ஏஸிலிருந்து ராஜா வரை இனம் இனமாக ஏற்ற வேண்டும். நாலு இனமும் ஏறிவிட்டால் ஜெயம்.

வரிசையில் ஒரு சீட்டின் மேல் இன்னொன்றை வைக்க இரண்டு நிபந்தனை. ஒரு எண் குறைவாக இருக்க வேண்டும், நிறம் மாறியிருக்க வேண்டும். கறுப்பு 9 மேல் சிவப்பு 8. இஸ்பேடும் கிளாவரும் கறுப்பு, ஆர்ட்டினும் டைமண்டும் சிவப்பு. ஒரு வரிசை முழுக்கக் காலியானால் அதில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். பழைய சாலிட்டேர் மாதிரி ராஜாவுக்குத்தான் இடம் என்பது இங்கே இல்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட சீட்டைச் சேர்த்துத் தூக்குவது என்று விதியில் எதுவும் கிடையாது. ஒவ்வொன்றாகத்தான். கம்ப்யூட்டர் நாலைந்தைச் சேர்த்து நகர்த்தினால், காலிச் செல்லில் ஒவ்வொன்றாக வைத்து எடுக்கிற வேலையை அது நமக்காகச் செய்கிறது என்று அர்த்தம்.

#6 இட்லிக்கடை வாசல்

ஐயா, நன்றி. இப்போதுதான் புரிகிறது. எத்தனை சீட்டு சேர்ந்து நகரும் என்பதற்குக் கணக்கு ஏதாவது உண்டா? சில நேரம் விடுகிறது, சில நேரம் விடமாட்டேன் என்கிறது.

#7 வெட்டிச்சீட்டு

இதை நான் சொல்றேன். காலிச் செல் எத்தனையோ அதோட ஒண்ணு கூட்டுங்க. நாலு செல்லும் காலின்னா அஞ்சு சீட்டு. ஒரு வரிசையும் காலியா இருந்தா அதை ரெண்டால பெருக்குங்க. ரெண்டு வரிசை காலின்னா நாலால. ரெண்டு செல், ஒரு வரிசை காலின்னா ஆறு. ஆனா என் போன்ல இருக்கிறது கோளாறு பிடிச்சது. ஆறு சீட்டைக் காலி வரிசைக்கே கொண்டுபோகப் பார்த்தேன், மாட்டேன்னுடுச்சு.

#8 ஸ்பெஷல் சாதா

கோளாறு இல்லை. போய்ச் சேருகிற இடமே அந்தக் காலி வரிசை என்றால் அதை இடைத்தங்கலாகப் பயன்படுத்த முடியாதே. அப்போது அது கணக்கில் வராது. இரண்டு செல்லுக்கு மூன்று சீட்டு, அவ்வளவுதான்.

இன்னொன்று. எல்லாச் செயலியும் காலி வரிசையைக் கணக்கில் எடுப்பதில்லை. அது மறுத்தால் நாமே இரண்டு தவணையாகப் பிரித்து நகர்த்தினால் போகும்.

செல்லைவிடக் காலி வரிசை ஏன் பெரிது என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. செல் கூட்டும், வரிசை பெருக்கும்.

#9 பனங்கொட்டை

வணக்கம். இஸ்பேட் எண்டதும் சிரிப்பு வந்திட்டுது. எங்கட பக்கம் அதை ஸ்கோப்பன் எண்டுதான் சொல்லுறது, ஒல்லாந்தர் விட்டிட்டுப்போன சொல்.

ஆட்டத்தின்ர கதை கொஞ்சம் தெரியும். 1978இல பால் ஆல்ஃபில் எண்ட மருத்துவ மாணவர் இலினாய் பல்கலைக்கழகத்தின்ர பிளேட்டோ கம்ப்யூட்டரில எழுதினது. செம்மஞ்சள் நிறத்தில ஒளிருற திரை. அதிலேயே வரிசையையும் செல்லையும் கூட்டிக் குறைச்சு ஆடலாமாம். ஆர் தொடர்ச்சியா கூட ஆட்டம் வெண்டவை எண்ட பட்டியலும் இருந்தது. பிறகு ஜிம் ஹோர்ன் அதை விண்டோசுக்கு எழுதினவர். 95ஆம் ஆண்டு விண்டோசோட சேர்ந்து வந்தாப்போலதான் உலகம் முழுக்கப் பரவினது.

அதுக்கும் முந்தி ஒரு அண்ணன் இருக்கிறார், பேக்கர்ஸ் கேம். பரப்புறது, செல் எல்லாம் இதேதான். ஆனா நிறம் மாத்தி அடுக்க ஏலாது, ஸ்கோப்பனுக்கு மேல ஸ்கோப்பன்தான். 1968 ஜூன் மாதம் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில மார்ட்டின் கார்ட்னர் அதைப் பற்றி எழுதினவர். ஆல்ஃபில் அதில நிறம் மாத்திற விதியைப் புகுத்தினதுதான் ஃப்ரீசெல். ஒரே ஒரு விதி, ஆனா ஒவ்வொரு சீட்டுக்கும் போய் இருக்க ரெண்டு இடம் கிடைக்குது. பேக்கரில ஒண்டுதான். அதை ஒருக்கா ஆடிப் பாத்திட்டு வந்தா ஃப்ரீசெல் மெத்தை மாதிரி இருக்கும்.

#10 கட்டம்போட்ட சட்டை

நடுவில் வேலை வந்துவிட்டது. இதோ எழுதுகிறேன். இ இஸ்பேட், ஆ ஆர்ட்டின், டை டைமண்ட், கி கிளாவர். கடைசியில் இருப்பது நுனிச் சீட்டு.

1: டை-ஜாக்கி, டை-ராஜா, இ-2, கி-4, இ-3, டை-6, இ-6
2: டை-2, கி-ராஜா, இ-ராஜா, கி-5, டை-10, இ-8, கி-9
3: ஆ-9, இ-9, டை-9, இ-10, இ-4, டை-8, ஆ-2
4: கி-ஜாக்கி, இ-5, டை-ராணி, ஆ-ராணி, ஆ-10, இ-ராணி, ஆ-6
5: டை-5, டை-ஏஸ், இ-ஜாக்கி, ஆ-4, ஆ-8, கி-6
6: ஆ-7, கி-ராணி, இ-ஏஸ், கி-ஏஸ், கி-2, டை-3
7: கி-7, ஆ-ராஜா, ஆ-ஏஸ், டை-4, ஆ-ஜாக்கி, கி-8
8: ஆ-5, ஆ-3, கி-3, இ-7, டை-7, கி-10

நான் போகிற வழி: ஆறாம் வரிசையில் டை-3 செல்லுக்கு, கி-2 செல்லுக்கு. கி-ஏஸ் ஏறும், கி-2 பின்னாலேயே ஏறும், இ-ஏஸும் ஏறும். கி-ராணியைச் செல்லில் வைத்து ஆ-7ஐ ஏழாம் வரிசையில் கி-8 மேல் போட்டால் ஆறாம் வரிசை காலி. கி-6ஐ அந்த ஆ-7 மேல். ஆ-8ஐ இரண்டாம் வரிசையில் கி-9 மேல். ஆ-4 செல்லுக்கு, இ-ஜாக்கி காலி வரிசைக்கு, டை-ஏஸ் மேலே, டை-5ஐ ஏழாம் வரிசையில் கி-6 மேல். ஐந்தாம் வரிசையும் காலி.

இது வரை கை தானாக ஓடுகிறது. இங்கே செல்லில் டை-3, கி-ராணி, ஆ-4. ஒரு செல் காலி, ஒரு வரிசை காலி. அடுத்து எதை எடுத்தாலும் நாலு நகர்த்தலில் மூச்சுமுட்டுகிறது.

#11 வெட்டிச்சீட்டு

ஏழாம் வரிசைல பாருங்க. ஆர்ட்டின் ஏஸ் மேல நீங்களே மூணு சீட்டைக் கொட்டி மூடியிருக்கீங்க. ஆ-7 அங்க போட்டதே தப்பு.

#12 ஸ்பெஷல் சாதா

மூடியது உண்மை. ஆனால் மூடியது ஒழுங்கான அடுக்கு: 8, 7, 6, 5 என்று நிறம் மாறி இறங்குகிறது. அப்படிப்பட்ட அடுக்கு பின்னால் ஒரு சிவப்பு 9 கிடைத்தால் மொத்தமாக எழுந்து போய்விடும். அதற்குப் பதிலாக ஒரு வரிசை காலியானது. நல்ல பேரம்தான்.

இப்போது நீங்கள் நிற்கிற இடம். காலி வரிசையைப் பொத்திப் பொத்தி வைக்கிறீர்கள். கேட்க வேண்டியது வேறு: இ-2 எங்கே? முதல் வரிசையில், கி-4, இ-3, டை-6, இ-6 என்று நாலு சீட்டுக்கு அடியில். இந்த நாலில் யாருக்கு எங்கே இடம் உண்டு?

கி-4 டை-5 மேல் போகும், அது ஏழாம் வரிசையில் தயாராக இருக்கிறது. இ-3 ஒரு சிவப்பு 4 மேல் போகும். சிவப்பு 4 செல்லில் முடங்கிக் கிடக்கிறது. அதைத் தூக்கிக் காலி வரிசையில் வையுங்கள்.

ஆ-4 ஐந்தாம் வரிசைக்கு. செல்லில் டை-3, கி-ராணி. இ-6 செல், டை-6 செல், நிரம்பிவிட்டது. பயப்படாதீர்கள். இ-3 போய் ஆ-4 மேல் உட்காரும். கி-4 போய் டை-5 மேல். உடனே செல்லில் இருக்கும் டை-3 அந்த கி-4 மேல் இறங்கும். இ-2 ஏறும், இ-3 ஏறும். முதல் வரிசையில் மிச்சம் டை-ஜாக்கி, அதன் மேல் டை-ராஜா.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். கி-ராணியை அங்கேயே டை-ராஜா மேல் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். ஆ-4ஐ மறுபடி செல்லில் தூக்கி வைத்து, டை-ராஜாவைக் காலியான ஐந்தாம் வரிசைக்கு இறக்குங்கள். அதன் மேல் கி-ராணி. முதல் வரிசையில் தனியாக நிற்கும் டை-ஜாக்கி கி-ராணி மேல். எட்டாம் வரிசை நுனியில் இருக்கும் கி-10 டை-ஜாக்கி மேல். ராஜா, ராணி, ஜாக்கி, பத்து ஒரே அடுக்கு. முதல் வரிசை காலி. செல்லில் இ-6, டை-6, ஆ-4 மட்டும்.

எட்டாம் வரிசையில் அடுத்தது டை-7. அதைக் காலி வரிசையில் வைத்து இ-6ஐ அதன் மேல். இ-7 இரண்டாம் வரிசையில் ஆ-8 மேல், டை-6 அந்த இ-7 மேல். செல்லில் ஆ-4 ஒன்றுதான். இனி எளிது, நீங்களே முடித்துவிடுவீர்கள்.

#13 இட்லிக்கடை வாசல்

இதைப் போனில் எண் 1 போட்டு அப்படியே ஆடிப் பார்த்தேன், அதே சீட்டு வந்தது! எக்ஸ்பியில் இருக்கிற ஆட்டம் என் போனில் எப்படி?

#14 ஸ்பெஷல் சாதா

எண்ணை விதையாக வைத்து ஒரு சின்னக் கணக்கு போட்டுச் சீட்டைக் கலைக்கிற முறை அது. அந்தக் கணக்கு வெளியே தெரிந்துவிட்டதால் பல செயலிகள் அதையே பின்பற்றுகின்றன. எல்லாம் அல்ல. உங்களுடையது பின்பற்றுகிறது, அதிர்ஷ்டம்.

#15 வெட்டிச்சீட்டு

அதிர்ஷ்டம்னு அவரே சொல்லிட்டார், குறிச்சு வச்சுக்கங்க.

#16 கட்டம்போட்ட சட்டை

ஸ்பெஷல் சாதா அண்ணா, கையெடுத்துக் கும்பிடுகிறேன், அந்த ராஜா இறக்கம் அருமை. ஆனால் எளிது என்று விட்டுவிட்டீர்களே, அங்கேதான் மறுபடி மாட்டினேன்.

எட்டாம் வரிசையில் ஆ-5, ஆ-3, கி-3 மிச்சம். கி-3 ஏறக்கூடிய சீட்டு, ஏற்றினேன். ஆ-3 செல்லுக்கு. ஆ-5ஐ முதல் வரிசையில் இ-6 மேல். எட்டாம் வரிசை காலி! இரண்டு செல், ஒரு வரிசை. ஜெயித்துவிட்டேன் என்று டீ போடவே போய்விட்டேன்.

திரும்பி வந்து மூன்றாம் வரிசையைப் பிரித்தேன். ஆ-2 செல், டை-8 செல். இ-4 ஏறியது. இ-10 காலி வரிசைக்கு. டை-9 கி-10 மேல். டை-8 இ-9 மேல். சிவப்பு 9 வந்துவிட்டது, இனி ஏழாம் வரிசை அடுக்கு எழுந்து வரும் என்று பார்த்தால், செல்லில் ஆ-2, ஆ-3, ஆ-4 மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவரும் காத்திருப்பது ஆர்ட்டின் ஏஸுக்கு. அதன் மேல் எட்டுச் சீட்டு. கையில் ஒரே செல்.

#17 ஸ்பெஷல் சாதா

அட. என் தவறுதான், கடைசி வரை ஆடிப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். கி-4, டை-3 இரண்டையும் ஆ-5 மேல் மாற்றலாம். மிச்சம் கி-8, ஆ-7, கி-6, டை-5. நாலு சீட்டு நகர மூன்று செல் வேண்டும், இருப்பது ஒன்று. இரவு உட்கார்ந்து பார்க்கிறேன்.

#18 ரிட்டயர்டு தபால்

தம்பி, அவசரப்படாதீர்கள். காலையிலிருந்து இதை மேஜையில் பரப்பி வைத்திருக்கிறேன். வீட்டில் சாப்பாட்டுக்கு இடமில்லை என்று பேச்சு வாங்கியாகிவிட்டது. ஆனால் கிடைத்துவிட்டது.

நீங்கள் கி-3ஐ ஏற்றினீர்களே, அதுதான். ஏறக்கூடிய சீட்டை ஏற்றாமல் விடுவதாவது என்று நமக்குத் தோன்றும். கம்ப்யூட்டர் அதைத் தானாக ஏற்றியதா என்று கவனித்தீர்களா?

#19 கட்டம்போட்ட சட்டை

இல்லை ஐயா, நான்தான் இழுத்துப் போட்டேன். ஏஸையும் இரண்டையும் அதுவே ஏற்றியது, இ-3ஐயும் இந்தக் கி-3ஐயும் ஏற்றவில்லை. மறந்துவிட்டது என்று நினைத்தேன்.

#20 ரிட்டயர்டு தபால்

மறக்கவில்லை. ஒரு கறுப்பு 3 கீழே இருந்தால் அதன் மேல் சிவப்பு 2 வந்து உட்கார முடியும். சிவப்பு 2 இரண்டும் மேலே போய்விட்ட பிறகுதான் அந்தக் கறுப்பு 3 யாருக்கும் தேவைப்படாத சீட்டு. அது வரை எழுதியவர் அதைத் தொடாமல் விட்டிருக்கிறார். உங்கள் ஆ-2 மூன்றாம் வரிசை நுனியில் இடம் தேடிக்கொண்டு நிற்கிறது. அதற்கு ஊரிலேயே ஒரே நாற்காலி கி-3. அதை மேலே அனுப்பிவிட்டு ஆ-2ஐச் செல்லில் அடைத்தீர்கள்.

என் வழி. செல்லில் ஆ-4 மட்டும் இருக்கும் நிலையிலிருந்து. எட்டாம் வரிசையைக் காலி செய்யவே வேண்டாம். ஆ-2ஐ கி-3 மேல் வையுங்கள். டை-8 செல்லுக்கு. இ-4 ஏறும், அது மூன்றைப் போல அல்ல, அதன் மேல் வந்து உட்கார ஆள் இல்லை: டை-3க்கு ஏற்கெனவே கி-4 இருக்கிறது, ஆ-3 அடியில் கிடக்கிறது. இ-10 செல்லுக்கு. டை-9 ஐந்தாம் வரிசையில் கி-10 மேல். டை-8 செல்லிலிருந்து இறங்கி இ-9 மேல். இப்போது செல்லில் ஆ-4, இ-10. இரண்டு காலி. மூன்று சீட்டு நகரும்.

ஏழாம் வரிசை நுனியில் டை-5, கி-4, டை-3. மூன்று சீட்டு. முதல் வரிசையில் இ-6 வெறுமனே நிற்கிறது, நீங்கள் போட்ட ஆ-5 அங்கே இல்லை. அந்த மூன்றும் அதன் மேல். அடுத்து கி-8, ஆ-7, கி-6. மறுபடி மூன்று. டை-9 மேல். அடுக்கு எழுந்து போய்விட்டது.

ஆ-ஜாக்கி செல், டை-4 செல். நாலும் நிரம்பிவிட்டது, கவலை இல்லை. ஆ-ஏஸ்!

#21 ரிட்டயர்டு தபால்

மன்னிக்கவும், பேரன் பொத்தானை அமுக்கிவிட்டான். தொடர்ச்சி: ஆ-ஏஸ், கி-3 மேல் இருக்கும் ஆ-2, இப்போது கி-3, அடியில் ஆ-3, செல்லிலிருந்து ஆ-4, ஆ-5, நாலாம் வரிசை நுனியில் ஆ-6. ஏழு சீட்டு ஒரே மூச்சில் ஏறுகிறது. எட்டாம் வரிசை காலி. ஆ-6 போனதும் வெளியே வருவது இ-ராணி. அதன் மேல் ஆ-ஜாக்கி, அதன் மேல் இ-10. செல்லில் டை-4 தவிர ஒன்றுமில்லை.

#22 பனங்கொட்டை

ஐயா, வடிவான ஆட்டம். நான் இஞ்ச திரையில வச்சு அப்படியே ஆடிப் பாத்தன், சரியா வருது. பிறகு ஆ-ராஜாவைக் காலி வரிசைக்கு எடுத்தா அடியில கிடக்கிற கி-7 டை-8க்கு மேல போகுது, ஏழாவதும் வெறுமை. ராணி, ஜாக்கி, பத்து மூண்டும் ஆ-ராஜாவுக்கு மேல. ஆ-10 ஆறாம் வரிசையில இருக்கிற இ-ஜாக்கிக்கு மேல. அந்த ரெண்டும் சேர்ந்து ஆ-ராணிக்கு மேல. ரெண்டு வரிசையும் மூண்டு செல்லும் வெறுமை. ரெண்டாம் வரிசையில அடியில கிடக்கிற டை-2ஐ இனிக் கிண்டி எடுக்கிறது பெரிய வேலையில்லை.

#23 ஸ்பெஷல் சாதா

ஐயா, தலைவணங்குகிறேன். நான் கணக்கு போட்டது எத்தனை செல் காலி என்று மட்டும். அவர் நிலையில் இரண்டு செல்லும் ஒரு வரிசையும் காலி, உங்கள் நிலையில் காலி வரிசையே இல்லை. என் சூத்திரப்படி அவர்தான் ஜெயித்திருக்க வேண்டும்.

எங்கே பிசகியது என்று யோசித்தேன். ஆ-3ஐச் செல்லில் வைத்துத்தான் அந்த வரிசையைக் காலியாக்கினார். ஆ-5ஐ இ-6 மேல் வைத்ததால் டை-5க்கு இடம் போனது. ஆக ஒரு காலி வரிசைக்கு அவர் கொடுத்த விலை: ஒரு செல், ஒரு நாற்காலி, அதோடு ஆ-2இன் நாற்காலி. கொள்ளை விலை. அவர் நின்ற இடத்திலிருந்தும் வேறு வழி இருக்கலாம், நான் தேடவில்லை.

#24 வெட்டிச்சீட்டு

போன்ல இதைத்தான் நானும் பார்த்தேன். என்னுதுல தானா எல்லாத்தையும் ஏத்திடுது, கேக்கிறதே இல்ல. கி-3 கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள மேல போயிடுச்சு.

#25 ஸ்பெஷல் சாதா

அமைப்புகளில் தானாக ஏற்றுவதை நிறுத்த வழி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வேறு செயலி தேடுங்கள். எழுதியவர் கவனமில்லாமல் எழுதினால் இப்படித்தான், நல்ல உதவி செய்கிறேன் என்று கழுத்தை அறுத்துவிடும்.

#26 இட்லிக்கடை வாசல்

எனக்கு ஒரு சந்தேகம். முதல் தடவை பார்க்கும்போதே இதெல்லாம் தெரியுமா? ஐயா எத்தனை தரம் திரும்ப அடுக்கினீர்கள்?

#27 ரிட்டயர்டு தபால்

ஆறு தரம். நிஜச் சீட்டில் பின்னால் போகும் பொத்தான் கிடையாது, அதனால் நகர்த்துவதற்கு முன் கொஞ்சம் அதிகமாக யோசிப்பேன். சீட்டைத் தொடுவதற்கு முன் நாலு ஏஸும் நாலு இரண்டும் எங்கே என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வேன். இந்த ஆட்டத்தில் டை-2 இரண்டாம் வரிசையின் அடியோ அடி. அப்படியென்றால் டைமண்ட் கடைசி வரை ஏறாது, டைமண்ட் சீட்டு எல்லாம் கீழேயே வாழ்ந்தாக வேண்டும், அதற்கு ஏற்றபடி கறுப்பு நாற்காலிகளைக் காப்பாற்ற வேண்டும். இவ்வளவுதான் என் வித்தை.

#28 வெட்டிச்சீட்டு

சரி, நானும் ஒரு எண் போட்டு உக்காந்திருக்கேன். ரெண்டு மணி நேரமா ஒண்ணும் ஆகல. ஐயா பரப்பிப் பார்க்க முடியுமா? எண் 11982.

#29 ஸ்பெஷல் சாதா

மூன்றாம் பதிவைப் படித்தீர்களா இல்லையா?

#30 வெட்டிச்சீட்டு

படிச்சுட்டுத்தான் போட்டேன். உலகமே முடியாதுன்னு சொன்னா ஒரு தடவை பார்க்க வேண்டாமா?

#31 பனங்கொட்டை

அப்ப விண்டோஸில கழித்தல் 1, கழித்தல் 2 எண்டும் அடிச்சுப் பாருங்கோ. ரெண்டும் வேணுமெண்டே முடியாத மாதிரிச் செய்து ஒளிச்சு வச்சது. பொழுது நல்லாப் போகும்.

#32 கட்டம்போட்ட சட்டை

முடித்துவிட்டேன்! ஐயா சொன்ன வழியிலேயே. ராஜா தலை திரை முழுக்கப் பெரிதாக வந்து நிற்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "இதுக்கா மூணு நாள்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இன்று காலை 2-ஆம் ஆட்டம் போட்டேன். இன்னும் ஒரு சீட்டையும் தொடவில்லை. காகிதமும் பேனாவும் எடுத்து வைத்திருக்கிறேன். ஏஸ் நாலையும் எழுதிவிட்டேன், இரண்டில் ஒன்று கண்ணுக்கு அகப்படவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.